லிஸ்ப் நிரல் சூழலில் பட்டியல் செயற்கூறுகளின் செயல்திறன்: சொல்லடைவு உருவாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இலக்கிய நூல்களுக்குச் சொல்லடைவு உருவாக்கும் நிரல்கள் பெரும்பாலும் பட்டியல்களைக் கையாள்வனவாக அமைகின்றன. அந்நிரல்கள் காலந்தாழ்த்தும்போது அதற்குக் கணினியின் திறனோ தமிழ் எழுத்துருவின் சிக்கலோ காரணமாகக் கருதப்படுவதுண்டு. பட்டியலைக் கையாளும் செயற்கூறுகளின் தேர்வே பல இடங்களில் உண்மைக் காரணம் என்பதை ஈமேக்ஸ் லிஸ்ப் சூழலை முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. திருக்குறளின் 9310 சீர்கள் அளவைக்குரிய தரவாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லிஸ்ப், பட்டியல், கான்ஸ் கலம், செயற்கூறு, நினைவகம், சொல்லடைவு, அகரவரிசை.

முன்னுரை

கணினி மொழிகளுள் இன்றும் வழக்கில் உள்ள மிகப் பழையவற்றுள் ஒன்று லிஸ்ப். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி 1958-இல் இதனை உருவாக்கத் தொடங்கினார். இம்மொழியின் அடிப்படைகளை விளக்கும் அவரது கட்டுரை 1960-இல் வெளியாயிற்று. எண்களைக் கணிப்பதே கணினியின் முதன்மைப் பணியாக இருந்த காலத்தில், குறியீடுகளையும் அவற்றின் வரிசைகளையும் கையாள்வதற்கென இம்மொழி அமைக்கப்பட்டது. பட்டியல் செயலாக்கம் என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இம்மொழியின் பெயராயிற்று.

சொற்களின் வரிசையாக அமைந்த இலக்கியப் பனுவலைக் கையாள்வதற்குப் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட மொழி பொருத்தமானது என்பது வெளிப்படை. எனினும், ஒரே விளைவைத் தரும் இரு செயற்கூறுகள் அவ்விளைவை எட்டும் வழியில் பெரிதும் வேறுபடக்கூடும். நூறு சொற்களைக் கொண்டு சோதிக்கும்போது புலப்படாத இவ்வேறுபாடு, ஒரு முழுநூலைக் கையாளும்போது ஆய்வையே தடைப்படுத்தும் அளவுக்குப் பெருகுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தையும் அளவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிஸ்ப் வழியில் தோன்றிய மொழிகள் பல. அவற்றுள், 1985-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமேக்ஸ் என்னும் பனுவல் திருத்தியில் உள்ள லிஸ்ப் வகை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பனுவலைத் திருத்தும் இடத்திலேயே நிரலை எழுதி இயக்கிப் பார்க்க இச்சூழல் இடந்தருவதே இத்தேர்வுக்குக் காரணம். செயற்கூறுகளின் பெயர்கள் அவற்றின் ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன.

1. பட்டியலின் அகக்கட்டமைப்பு

லிஸ்ப் பட்டியல் என்பது தொடர்ச்சியான இடத்தில் அடுக்கப்பட்ட உறுப்புகளின் அணி அன்று. அது கான்ஸ் கலங்கள் ஒன்றையொன்று சுட்டி நிற்கும் சங்கிலியாகும். ஒவ்வொரு கலத்திற்கும் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி உறுப்பைச் சுட்டுகிறது. இரண்டாம் பகுதி அடுத்த கலத்தைச் சுட்டுகிறது. இறுதிக் கலத்தின் இரண்டாம் பகுதி ‘நில்’ என்னும் வெறுமையைச் சுட்டும்.

இவ்விரு பகுதிகளைப் பெறும் செயற்கூறுகள் முறையே ‘கார்’, ‘குடர்’ எனப்படுகின்றன. லிஸ்ப் முதன்முதலில் இயங்கிய ஐபிஎம் 704 கணினியின் 36 பிட் நினைவகச் சொல்லில் தலா 15 பிட் கொண்ட இரு பகுதிகள் இருந்தன. அப்பகுதிகளின் பெயர்களிலிருந்தே இச்செயற்கூறுகளின் பெயர்கள் பிறந்தன. அக்கணினி வழக்கொழிந்த பின்னும் பெயர்கள் நிலைத்துவிட்டன.

இக்கட்டமைப்பிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பட்டியலின் முன்புறம் ஓர் உறுப்பைச் சேர்க்க ஒரு கலமே போதும். பட்டியல் எவ்வளவு நீண்டதாயினும் செலவு மாறாது. இரண்டாவது, பட்டியலின் இறுதியை அடைய எல்லாக் கலங்களையும் கடந்தே ஆகவேண்டும். மூன்றாவது, பட்டியலின் நீளம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கேட்கும்போதெல்லாம் புதிதாக எண்ணியே அறியப்படுகிறது. பின்வரும் பகுதிகளில் காணப்படும் வேறுபாடுகளுட் பெரும்பாலானவை இம்மூன்று உண்மைகளின் விளைவுகளே.

2. தரவும் அளவை முறையும்

திருக்குறளில் 1330 குறட்பாக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏழு சீர்களால் ஆனது. ஆகவே நூல் முழுவதும் 9310 சீர்களைக் கொண்டது. சீர் ஒவ்வொன்றையும் ஓர் உறுப்பாகக் கொண்டால் 9310 கலங்கள் கொண்ட பட்டியல் கிடைக்கும். 64 பிட் கணினியில் ஈமேக்ஸின் ஒரு கலம் 16 பைட்டு இடம் கொள்வதால், இப்பட்டியலின் கலங்களுக்கு மட்டும் 1,48,960 பைட்டு தேவைப்படும்.

இயக்க நேரம் கணினிக்குக் கணினி மாறுபடும். எனவே இக்கட்டுரையில் நொடிக்கணக்கு தரப்படவில்லை. கடக்கப்படும் கலங்கள், உருவாக்கப்படும் கலங்கள், நிகழும் ஒப்பீடுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையே அளவையாகக் கொள்ளப்படுகிறது. இவ்வெண்ணிக்கை எந்தக் கணினியிலும் மாறாதது.

3. இறுதியில் சேர்த்தலும் முன்புறம் சேர்த்தலும்

நூலைத் தொடக்கம் முதல் படித்துச் சீர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்க்க முனைபவர் இயல்பாக நாடும் செயற்கூறு ‘அப்பெண்ட்’. இருக்கும் பட்டியலோடு ஓர் உறுப்பு கொண்ட புதிய பட்டியலை இணைத்துத் தருவது அது. ஆயின் ‘அப்பெண்ட்’ தனக்குத் தரப்படும் பட்டியல்களுள் இறுதியானதைத் தவிர ஏனையவற்றைப் படியெடுக்கும் இயல்புடையது. மூலப்பட்டியலுக்கு ஊறு நேராமல் காப்பதே அதன் நோக்கம். இதனால், ஆயிரம் சீர்கள் சேர்ந்துள்ள நிலையில் ஆயிரத்தொன்றாம் சீரைச் சேர்க்க ஆயிரம் கலங்கள் மீண்டும் உருவாக்கப்படுகின்றன. பழைய ஆயிரம் கலங்கள் பயனற்றுப் போகின்றன.

9310 சீர்களையும் இவ்வாறு சேர்த்தால் உருவாக்கப்படும் கலங்களின் தொகை 1 முதல் 9310 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையாகும், அஃதாவது 4,33,42,705. அவற்றுக்குரிய நினைவகம் 69,34,83,280 பைட்டு. இறுதியில் எஞ்சுவதோ 9310 கலங்கள் மட்டுமே.

மாற்றுவழி எளியது. ஒவ்வொரு சீரையும் ‘புஷ்’ கொண்டு முன்புறம் சேர்த்து, முடிவில் ஒரு முறை ‘என்ரிவர்ஸ்’ கொண்டு வரிசையைத் திருப்பிக்கொள்ளலாம். இதில் உருவாகும் கலங்கள் 9310. திருப்பும்போது கடக்கப்படும் கலங்கள் மேலும் 9310. புதிய கலம் ஏதும் திருப்புதலில் உருவாவதில்லை. இருக்கும் கலங்களின் சுட்டுகளே திசைமாற்றப்படுகின்றன.

இவ்வேறுபாட்டிற்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. பயனற்ற கலங்களை மீட்டெடுக்கும் குப்பை நீக்கம் என்னும் பணியை லிஸ்ப் தானே செய்கிறது. இம்முறையை மெக்கார்த்தியின் 1960-ஆம் ஆண்டுக் கட்டுரையே விளக்கியுள்ளது. 64 பிட் ஈமேக்ஸில் இப்பணிக்கான முன்னியல்பு வரம்பு 8,00,000 பைட்டு. ‘புஷ்’ வழியில் உருவாகும் கலங்கள் மட்டும் அவ்வரம்பை ஒரு முறைகூட எட்டா. ‘அப்பெண்ட்’ வழியிலோ அவ்வரம்பு 866 முறை கடக்கப்படுகிறது. நினைவகத் திரளின் மொத்த அளவையும் ஈமேக்ஸ் கருத்திற்கொள்வதால் குப்பை நீக்கம் அத்தனை முறையும் நிகழும் என்பதில்லை. எனினும், நிகழும் ஒவ்வொரு முறையும் பயன்பாட்டில் உள்ள பொருள்கள் அனைத்தும் குறியிடப்பட வேண்டும். ஆகவே காலத்தின் கணிசமான பகுதி பட்டியலை ஆக்குவதில் செலவாகாமல் தூய்மைப்படுத்துவதில் செலவாகக்கூடும். ‘பெஞ்ச்மார்க் ரன்’ என்னும் அளவைக் கருவி மொத்த நேரம், குப்பை நீக்கம் நிகழ்ந்த முறை, அதற்கான நேரம் என மூன்று மதிப்புகளைத் தனித்தனியே தருவது இதனாலேயே.

‘என்கான்க்’ என்னும் செயற்கூறு படியெடுக்காமல் இறுதிக் கலத்தோடு நேரே இணைப்பது. அதனைக் கையாண்டால் நினைவக விரயம் நீங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் இறுதிக் கலத்தைத் தேடிச் செல்லவேண்டிய நிலை நீங்குவதில்லை. கடக்கப்படும் கலங்கள் அப்போதும் நான்கு கோடிக்கு மேற்பட்டனவே. நினைவகச் சிக்கனமும் காலச் சிக்கனமும் ஒன்றல்ல என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. எண்வழி அணுகல்

அணிகளைக் கையாண்டு பழகியோர் பட்டியலையும் எண்வழியே அணுக முற்படுவர். ‘என்த்’ என்னும் செயற்கூறு குறித்த எண்ணுக்குரிய உறுப்பைத் தருகிறது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் முதற்கலத்திலிருந்தே நடந்து செல்கிறது. 9310 சீர்களையும் இவ்வாறு ஒவ்வொன்றாகப் பெற 4,33,33,395 கலங்கள் கடக்கப்பட வேண்டும். ‘டுலிஸ்ட்’ மடக்கில் ஒவ்வொரு கலமும் ஒரே முறை கடக்கப்படுவதால் 9310 நகர்வுகளே போதும்.

மடக்கின் நிபந்தனையில் ‘லெங்த்’ இடம்பெறின் நிலைமை மேலும் மோசமாகும். ஒவ்வொரு சுற்றிலும் நீளம் புதிதாக எண்ணப்படுவதால், நிபந்தனை 9311 முறை சோதிக்கப்படும்போது 8,66,85,410 கலங்கள் நீளத்தை அறிவதற்காகவே கடக்கப்படுகின்றன. பட்டியல் வெறுமையானதா என அறிய நீளத்தை எண்ணுவதும் இத்தகைய விரயமே. ‘நல்’ என்னும் செயற்கூறு முதல் நிலையிலேயே அதற்கு விடை தந்துவிடும். நீளத்தை ஓர் எண்ணோடு ஒப்பிடுவதற்கென்றே தனிச் செயற்கூறுகள் ஈமேக்ஸின் 28-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டன. தேவையான அளவுக்கு மேல் அவை எண்ணுவதில்லை.

குறள் எண்ணைக் கொண்டு உடனே பாடலைப் பெறவேண்டிய இடங்களில் பட்டியலைக் காட்டிலும் அணியே தக்கது. அதில் எந்த உறுப்பையும் ஒரே செலவில் பெறலாம். 9310 உறுப்புகளின் சுட்டுகளுக்கு அணியில் 74,480 பைட்டு போதுமானது; இது பட்டியலுக்குத் தேவைப்படுவதில் பாதி.

5. தேடலும் மிகை நீக்கமும்

சொல்லடைவில் ஒரு சொல் ஒரே தலைப்பாக இடம்பெற வேண்டும். ஆகவே ஒவ்வொரு சீரும் முன்னரே பட்டியலில் உள்ளதா எனத் தேடவேண்டியுள்ளது. ‘மெம்பர்’ இத்தேடலைத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் செய்கிறது. எல்லாச் சீர்களும் வேறுவேறாயின் ஒப்பீடுகள் 4,33,33,395 ஆகும். சீர்கள் மீண்டும் மீண்டும் வருவதால் உண்மைத் தொகை இதனினும் குறைவே. எனினும், வேறுபட்ட சீர்கள் பெருகப் பெருக ஒவ்வொரு தேடலின் செலவும் பெருகுகிறது என்பது மாறுவதில்லை.

இங்கு இரண்டு திருத்தங்கள் இயலும். முதலாவது, ஒப்பீட்டின் தன்மையை மாற்றுதல். ‘மெம்பர்’ இரு சரங்களின் உள்ளடக்கத்தை ஒப்பிடுகிறது. ‘மெம்க்யூ’ இரண்டும் ஒரே பொருளா என்பதை மட்டும் நோக்குகிறது, ஆகவே விரைவானது. ஆயின் ஒரே எழுத்துகளைக் கொண்ட இரு சரங்கள் நினைவகத்தில் வெவ்வேறு இடங்களில் இருப்பின் அவற்றை அது வேறானவை என்றே கொள்ளும். விரைவுக்காக இதனைத் தேர்ந்தால் சொல்லடைவு பிழைபடும்.

இரண்டாவது, தரவுக் கட்டமைப்பையே மாற்றுதல். ஹேஷ் அட்டவணை ஒரு சொல்லின் எழுத்துகளிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண் காட்டும் இடத்தில் நேரே தேடுகிறது. சராசரி நிலையில் தேடலின் செலவு அட்டவணையின் அளவைச் சார்ந்திருப்பதில்லை. 9310 சீர்களுக்கு 9310 தேடல்களே போதும். ஈமேக்ஸின் ‘டெலீட் டப்ஸ்’ என்னும் மிகை நீக்கும் செயற்கூறு, பட்டியல் 100 உறுப்புகளைக் கடக்கும்போது தானே ஹேஷ் அட்டவணைக்கு மாறிக்கொள்கிறது. சிறு பட்டியலுக்கு நேர்த்தேடலும் பெரும்பட்டியலுக்கு அட்டவணையும் பொருந்தும் என்னும் கருத்து அச்செயற்கூற்றின் அமைப்பிலேயே பொதிந்திருப்பதை இதனால் அறியலாம்.

6. அகரவரிசையாக்கம்

பட்டியலை வரிசைப்படுத்துவதில் ஒப்பீடுகளின் தொகையே முதன்மையானது. ஒவ்வொரு சொல்லையும் உரிய இடந்தேடிச் செருகும் முறையில் 9310 சீர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.17 கோடி ஒப்பீடுகள் நிகழும். இணைப்பு வரிசையாக்க முறையில் ஒப்பீடுகள் 1,13,957-ஐ விஞ்சா. ஆகவே சூழலே தரும் ‘சார்ட்’ செயற்கூறு இருக்கத் தனியே செருகல் முறையை எழுதுவது பயனற்றது.

ஆயின் தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்துவதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. ஒருங்குறியில் எழுத்துகளின் குறியெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசையோடு முழுதும் ஒத்ததன்று. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பின் வருவதால், ‘க்’ என்பது ‘கௌ’ என்பதற்கும் பிற்பட்டுப் போகிறது. குறியெண்ணை மட்டும் ஒப்பிட்டு ஆக்கப்படும் சொல்லடைவு அகராதி மரபுக்கு இயையாது.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு சொல்லுக்கும் நெடுங்கணக்கு வரிசையைக் காட்டும் எண்பட்டியல் ஒன்றை ஒப்பீட்டுத் திறவாகக் கணித்துக்கொள்வதாகும். அத்திறவை எப்போது கணிப்பது என்பதில் செயல்திறன் அடங்கியுள்ளது. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் இரு சொற்களுக்கும் கணித்தால் 2,27,914 கணிப்புகள் வரை நிகழலாம். முன்னதாகவே ஒவ்வொரு சொல்லோடும் அதன் திறவை இணைத்து வைத்துப் பின் வரிசைப்படுத்தினால் 9310 கணிப்புகளே தேவை. செலவு ஏறத்தாழ 24 மடங்கு குறைகிறது. தமிழ் அகரவரிசை கணினிக்குக் கடினமானது என்னும் எண்ணத்திற்குக் காரணம் எழுத்துமுறையன்று. ஒரே கணிப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரலே என்பது இதனால் தெளிவாகிறது.

7. மூலத்தை மாற்றும் செயற்கூறுகளின் இடர்

‘என்ரிவர்ஸ்’, ‘என்கான்க்’, ‘டெலீட்’ ஆகியன மூலப்பட்டியலின் கலங்களையே மாற்றுவன. விரைவுக்குக் காரணமான இவ்வியல்பே பிழைக்கும் காரணமாகிறது. ‘புஷ்’ கொண்டு சேர்த்த பட்டியலை ‘என்ரிவர்ஸ்’ கொண்டு திருப்பி, அது தரும் விளைவை மாறியில் மீண்டும் இடாமல் விட்டால், அம்மாறி முன்பு சுட்டிய கலத்தையே இன்னும் சுட்டி நிற்கும். அக்கலம் இப்போது பட்டியலின் இறுதிக்குச் சென்றுவிட்டது. ஆகவே 9310 சீர்களுக்குப் பதிலாக நூலின் கடைசிச் சீர் ஒன்று மட்டுமே மாறியில் எஞ்சும். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராது.

‘டெலீட்’ கொண்டு நீக்கும் உறுப்பு பட்டியலின் முதலில் இருப்பின், மாறி அதனையே தொடர்ந்து சுட்டும். நிரலில் மாறிலியாக எழுதப்பட்ட பட்டியலோடு ‘என்கான்க்’ கொண்டு இணைத்தால், அம்மாறிலியே மாறி அடுத்த இயக்கத்தில் வேறு விளைவைத் தரும். பாடத்தின் நம்பகத்தை அடித்தளமாகக் கொண்ட ஆய்வில் இத்தகைய ஓசையற்ற பிழை, காலத்தாழ்வைக் காட்டிலும் கேடு பயப்பது. ஆகவே நிரலே உருவாக்கிய, வேறெங்கும் சுட்டப்படாத பட்டியலின்மீது மட்டுமே இச்செயற்கூறுகளைக் கையாள வேண்டும். விளைவை மாறியில் மீண்டும் இடவும் வேண்டும்.

தற்சுழற்சி முறையும் இங்குக் கருதத்தக்கது. பட்டியலின் தலையைக் கையாண்டு வாலைத் தன்னிடமே அனுப்பும் முறை லிஸ்ப் மரபில் அழகியது எனப் போற்றப்படுவது. ஆனால் ஈமேக்ஸில் அழைப்பின் ஆழத்திற்கு வரம்பு உண்டு. பழைய பதிப்புகளில் 800, அண்மைப் பதிப்புகளில் 1600 என்பது முன்னியல்பு. ஓர் அதிகாரத்தின் 70 சீர்களுக்கு இயங்கும் நிரல், முழுநூலுக்கு இடையிலேயே நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

8. இயந்திரமொழித் தொகுப்பின் எல்லை

ஈமேக்ஸின் 28-ஆம் பதிப்பு 2022-இல் வெளிவந்தபோது லிஸ்ப் நிரலை இயந்திரமொழிக்கே மாற்றும் வசதி இணைக்கப்பட்டது. இவ்வசதி மேற்கண்ட தாழ்வுகளை நீக்கிவிடும் எனக் கருதுவது பொருந்தாது. ‘அப்பெண்ட்’, ‘என்த்’, ‘லெங்த்’, ‘மெம்பர்’ ஆகியன சி மொழியில் எழுதப்பட்டு முன்னரே இயந்திரமொழியில் இயங்குவன. நான்கு கோடிக் கலங்களைக் கடக்கும் உழைப்பு அவற்றின் உள்ளேயே நிகழ்வதால், வெளியிலுள்ள நிரலை விரைவாக்குவது அவ்வுழைப்பைத் தொடுவதில்லை.

மாறாக, ‘மேப்கார்’ போன்ற செயற்கூறுகளை அடுத்தடுத்துக் கையாள்வதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. மூன்று படிநிலைகளில் மூன்று புதிய பட்டியல்கள் உருவாயினும் கலங்களுக்கான செலவு 4,46,880 பைட்டு மட்டுமே. உறுப்புகள் இருமடங்கானால் இச்செலவும் இருமடங்கே ஆகும். நான்கு மடங்கு ஆவதில்லை. நிரலின் தெளிவைக் கெடுத்து இதனைச் சுருக்க முயல்வது வேண்டாதது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முன்புறம் சேர்த்தலும் ஒருமுறை கடத்தலும் பட்டியலின் இயல்புக்கு இயைந்தவை. இறுதியில் சேர்த்தலையும் எண்வழி அணுகலையும் மடக்கினுள் கையாண்டால் செலவு உறுப்புகளின் இருமடிக்கு ஏற்பப் பெருகும்.

நினைவக விரயம், கலங்களைக் கடத்தல், ஒப்பீட்டின் செலவு ஆகிய மூன்றும் வேறானவை. ஒன்றைக் குறைப்பதால் மற்றொன்று குறையும் என்பதற்கில்லை.

தேடலுக்கு ஹேஷ் அட்டவணையும், எண்வழி அணுகலுக்கு அணியும், வரிசையாகத் திரட்டுவதற்குப் பட்டியலும் தக்கவை. தமிழ் அகரவரிசைக்குரிய திறவை முன்னதாகவே கணித்துக்கொள்வது நெடுங்கணக்கு மரபையும் விரைவையும் ஒருங்கே காக்கும்.

மூலத்தை மாற்றும் செயற்கூறுகளால் கிடைக்கும் விரைவு, பாடம் சிதையும் இடரை உடன்கொண்டது. ஆகவே ஆக்கப்பட்ட சொல்லடைவின் நிகழ்விடங்களைக் கூட்டி, அத்தொகை 9310 ஆகிறதா எனச் சரிபார்ப்பது நிரலாக்கத்தின் பிரிக்க இயலாத பகுதியாதல் வேண்டும். யாப்பே வரையறுத்துத் தந்துள்ள இவ்வெண், ஓசையற்ற பிழையைக் காட்டிக்கொடுக்கும் எளிய அளவுகோலாக அமைகிறது.